10 சதவீத வாக்காளர்களின் கையொப்பம்: கேரளத்தில் கிடைப்பது கூட்டமா, வாக்கெடுப்பா?

திருவனந்தபுரம்: கேரளத்தில் 2025 டிசம்பரில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் கிராமப்புற வாக்காளர் ஒவ்வொருவரும் மூன்று வாக்குகளைப் பதிவு செய்தனர். கிராம ஊராட்சி உறுப்பினருக்கு வெள்ளை, வட்டார ஊராட்சி உறுப்பினருக்கு இளஞ்சிவப்பு, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு நீலம் என மூன்று நிறச் சீட்டுகள் வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒட்டப்பட்டிருந்தன. திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வாக்கு மட்டுமே. எந்தச் சீட்டிலும் வேட்பாளர்களின் பெயர்களும் சின்னங்களும் மட்டுமே இருந்தன. 'இந்த ஊரில் குப்பைக் கிடங்கு அமைக்கலாமா?', 'இந்தத் தெருவில் மதுக்கடை வேண்டுமா?' என்ற கேள்வி எதிலும் இல்லை.

இத்தகைய கேள்விகளை மக்களே கையொப்பம் திரட்டி வாக்குச்சீட்டில் இடம்பெறச் செய்யும் முறை உலகின் சில நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் அதற்கான பொதுவான சட்டம் இல்லை. ஆனால் கேரள ஊராட்சிச் சட்டத்தில் அதற்கு நெருக்கமான ஓர் ஏற்பாடு உள்ளது. ஒரு வார்டின் வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் எழுத்துப்பூர்வமாகக் கோரினால், அவர்கள் குறிப்பிடும் பொருள் குறித்து விவாதிக்கக் கிராம சபையின் சிறப்புக் கூட்டத்தை 15 நாள்களுக்குள் கூட்டியாக வேண்டும். இந்த உரிமை எதைப் பெற்றுத் தருகிறது, எதைப் பெற்றுத் தருவதில்லை என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

கலிபோர்னியாவில் எப்படி?

ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். மாநில அளவில் மக்களே சட்டம் முன்மொழியும் உரிமை அங்கு 1911ஆம் ஆண்டு முதல் உள்ளது. நகர அளவிலும் இந்த உரிமை உண்டு. பொதுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நகரங்களில், தாங்கள் விரும்பும் உள்ளூர்ச் சட்டத்தின் முழு வாசகத்தையும் எழுதி, அதற்காகக் கையொப்பம் திரட்டப்போவதாக நகர நிர்வாகத்திடம் முதலில் அறிவிக்க வேண்டும். நகரின் சட்ட அலுவலர் அதற்கு நடுநிலையான தலைப்பும் சுருக்கமும் எழுதித் தருவார். அதன்பின் 180 நாள்களுக்குள் நகரின் பதிவு பெற்ற வாக்காளர்களில் 10 சதவீதம் பேரின் கையொப்பத்தைப் பெற வேண்டும்.

கையொப்பங்கள் உண்மையானவை என்று உறுதியானதும் முடிவு நகர மன்றத்தின் கையில் முழுமையாக இருப்பதில்லை. முன்மொழிவை ஒரு சொல்லும் மாற்றாமல் மன்றமே ஏற்றுச் சட்டமாக்கலாம். ஏற்க விருப்பமில்லை என்றால் அதை வாக்காளர்களின் முன் வைக்க வேண்டும். கிடப்பில் போட வழியில்லை. வாக்காளர்களில் பெரும்பான்மையினர் ஏற்றால் அது நகரின் சட்டமாகிவிடும்.

சுவிட்சர்லாந்தில் இது நாடு தழுவிய நடைமுறை. 18 மாதங்களுக்குள் 1 லட்சம் கையொப்பங்கள் திரட்டினால் அரசியலமைப்பைத் திருத்தக் கோரும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வரும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்ப்பவர்கள் 100 நாள்களுக்குள் 50 ஆயிரம் கையொப்பங்கள் திரட்டினால், அச்சட்டம் மக்களின் தீர்ப்புக்கு விடப்படும். அந்நாட்டில் குடியுரிமை பெற்றுள்ள இலங்கைத் தமிழர்களும் இந்த வாக்கெடுப்புகளில் பங்கேற்கும் உரிமை பெற்றவர்கள்.

கலிபோர்னிய நகரங்களிலும் கேரளக் கிராமங்களிலும் சட்டம் குறிப்பிடும் அளவு 10 சதவீதமே. ஆனால் அங்கு அந்தக் கையொப்பம் வாக்கெடுப்பைக் கொண்டுவருகிறது. இங்கு அது கூட்டத்தைக் கொண்டுவருகிறது.

கிராம சபை: யார் உறுப்பினர்?

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் அளித்தது. கிராம அளவில் அச்சபை எந்த அதிகாரங்களைச் செலுத்தலாம் என்பதை மாநில சட்டமன்றம் சட்டத்தின் மூலம் தீர்மானிக்கலாம் என்று 243ஏ பிரிவு கூறுகிறது. இதனால் கிராம சபையின் வலிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

கேரளம் 1994ஆம் ஆண்டு தனது ஊராட்சிச் சட்டத்தை இயற்றியது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்குத் திருப்பியது. நிதியும் பணிகளும் கீழ்மட்டத்துக்கு வந்ததால், அவற்றைக் குறித்து விவாதிக்கும் கிராம சபையின் முக்கியத்துவமும் கூடியது. 1999ஆம் ஆண்டுத் திருத்தங்கள் சபையின் அதிகாரங்களை மேலும் விரிவாக வரையறுத்தன.

தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சி முழுமைக்கும் ஒரு கிராம சபை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு ஆறு நாள்களில் அது கூடுகிறது. கேரளத்தில் ஊராட்சிகளின் மக்கள்தொகை அதிகம் என்பதால் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனிக் கிராம சபை உண்டு. அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். தேர்வு செய்யப்பட்ட வார்டு உறுப்பினரே சபையைக் கூட்டும் பொறுப்பாளர். ஊராட்சித் தலைவர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் சபை கூட வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறும் வார்டு உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும் என்று சட்டம் எச்சரிக்கிறது. கூட்டம் செல்லுபடியாக வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்திருக்க வேண்டும். கோரம் எனப்படும் இந்தக் குறைந்தபட்ச வருகை இல்லையெனில் கூட்டம் ஒத்திவைக்கப்படும்.

சிறப்புக் கூட்டம் கோருவது எப்படி?

வழக்கமான கூட்டத்தின் பொருள்நிரலை ஊராட்சி தயாரிக்கிறது. மக்கள் விரும்பும் பொருள் அதில் இல்லாமல் போகலாம். அந்த நிலையில்தான் சிறப்புக் கூட்டம் கோரும் உரிமை பயன்படுகிறது. அதன் படிநிலைகள் வருமாறு:

முதலாவது, பொருளை வரையறுத்தல். கோரிக்கையுடன் பொருள்நிரலும் இணைக்கப்பட வேண்டும். 'ஊர்ப் பிரச்சினைகள்' என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தச் சாலை, எந்த நீர்நிலை, எந்த உரிமம் என்று குறிப்பிட்டு எழுதுவது கூட்டத்தின் விவாதத்தைத் திசை மாறாமல் வைத்திருக்கும்.

இரண்டாவது, கையொப்பம். வார்டு வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் கையொப்பங்கள் மட்டுமே கணக்கில் வரும். எடுத்துக்காட்டாக, 1,200 வாக்காளர்கள் உள்ள வார்டில் 120 பேர் கையொப்பமிட வேண்டும். அந்த ஊரில் வசித்தாலும் வேறு இடத்தில் வாக்குரிமை உள்ளவர்களை இந்த எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. பட்டியலில் உள்ள வரிசை எண்ணையும் பெயருக்கு எதிரே எழுதி வாங்கினால் சரிபார்ப்பது எளிதாகும்.

மூன்றாவது, ஒப்படைத்தல். கோரிக்கை எழுத்துப்பூர்வமாக வார்டு உறுப்பினரிடம் அளிக்கப்பட வேண்டும். அதன் படியை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கிக்கொள்வது நல்லது. 15 நாள் கெடு எப்போது தொடங்கியது என்பதற்கு அதுவே ஆதாரமாகும்.

நான்காவது, கூட்டம். கோரிக்கையில் குறிப்பிட்ட பொருளுடன் 15 நாள்களுக்குள் சபை கூட வேண்டும். இரண்டு வழக்கமான கூட்டங்களுக்கு இடையே ஒரு சிறப்புக் கூட்டம் மட்டுமே கோரலாம். எனவே ஒரே காலத்தில் இரு தரப்பினர் இரு வேறு பொருள்களுக்குக் கையொப்பம் திரட்டினால், முதலில் அளிப்பவர்களுக்கே வாய்ப்பு அமையும்.

ஐந்தாவது, தீர்மானம். கூட்டத்துக்கு வந்திருப்பவர்களின் பெரும்பான்மை அடிப்படையில் தீர்மானம் நிறைவேற்றப்படுகிறது. கையொப்பமிட்டவர் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் அவரது கருத்து எண்ணிக்கையில் சேராது. கையொப்பம் திரட்டுவதில் காட்டிய ஆர்வத்தைக் கூட்ட நாளிலும் காட்டினால் மட்டுமே முயற்சி முழுமை பெறும்.

தீர்மானத்துக்கு என்ன வலிமை?

கிராம சபையின் பரிந்துரைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் ஊராட்சி உரிய கவனம் அளிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. உரிய கவனம் அளிப்பதும் கட்டுப்பட்டு நடப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான விவகாரங்களில் இறுதி முடிவு தேர்வு செய்யப்பட்ட ஊராட்சி மன்றத்திடமே உள்ளது.

எனினும் தீர்மானம் வெறும் காகிதமாகிவிடுவதில்லை. இரண்டு இடங்களில் சட்டம் அதற்குப் பிடிமானம் தருகிறது. முதலாவது, நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியல். வீடு, கழிப்பறை போன்ற திட்டங்களுக்குத் தகுதியானவர்களை முன்னுரிமை வரிசையில் தேர்வு செய்து அளிப்பது கிராம சபையின் பணி. அந்த வரிசையை ஊராட்சி தன் விருப்பப்படி மாற்றக் கூடாது.

இரண்டாவது, காரணம் கூறும் கடமை. சபையின் முடிவு ஒன்று நிறைவேற்றப்படவில்லை என்றால், ஏன் நிறைவேற்றப்படவில்லை என்பதை ஊராட்சித் தலைவர் சபையிடம் தெரிவிக்க வேண்டும். மறுப்புக்கான காரணம் பதிவேட்டில் ஏறினால், அடுத்த கூட்டத்தில் அதையே கேள்வியாக எழுப்பலாம். முறைகேடு அல்லது நிர்வாகக் குறைபாடு இருப்பதாகக் கருதினால், திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சி அமைப்புகளுக்கான ஓம்புட்ஸ்மேனிடம் புகார் அளிக்கவும் வழி உண்டு.

மாநகரவாசிக்கு எந்த வழி?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 73 கிராம ஊராட்சிகள், நான்கு நகராட்சிகள், ஒரு மாநகராட்சி உள்ளன. மேற்கண்ட உரிமை ஊராட்சிச் சட்டத்தின்கீழ் வருவது. நகர்ப்புறங்களுக்குக் கேரள நகராட்சிச் சட்டம் 1994 பொருந்தும்.

அச்சட்டம் மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு இரண்டு ஏற்பாடுகளைச் செய்துள்ளது. ஒரு லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில், வார்டின் வாக்காளர்கள் அனைவரும் இடம்பெறும் வார்டு சபை உண்டு. நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, ஆற்றிங்கல், வர்க்கலை ஆகிய நான்கு நகராட்சிகளும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த வரம்புக்குள் வருகின்றன.

ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு சபைக்குப் பதிலாக வார்டு குழு அமைக்கப்படுகிறது. மாமன்ற உறுப்பினர் அதன் தலைவர். குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள் எனப்படும் அண்டை வீட்டார் குழுக்கள் உள்ளிட்டவற்றின் பிரதிநிதிகள் அதில் இடம்பெறுவர். 101 வார்டுகள் கொண்ட திருவனந்தபுரம் மாநகராட்சியில் ஒரு சாதாரண வாக்காளர் வார்டு குழுவில் நேரடி உறுப்பினர் அல்லர். பிரதிநிதி வழியாகவே அவர் குரல் அங்கு ஒலிக்கும். தலைமைச் செயலகத்துக்கு அருகில் வசிக்கும் வாக்காளரைவிட, நகர எல்லைக்கு வெளியே உள்ள ஊராட்சி வாக்காளருக்கு இந்த ஒரு விஷயத்தில் கூடுதல் உரிமை இருக்கிறது.

விளப்பில்சாலா காட்டிய சிக்கல்

ஊர்ப் பிரச்சினையை வாக்கெடுப்பில் தீர்த்துக்கொள்ளலாம் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. அதில் உள்ள சிக்கலை உணர்த்தும் நிகழ்வு திருவனந்தபுரத்திலேயே உண்டு.

மாநகராட்சியின் திடக்கழிவு சுத்திகரிப்பு ஆலை 2000ஆம் ஆண்டில் நகர எல்லைக்கு வெளியே, விளப்பில் ஊராட்சியைச் சேர்ந்த விளப்பில்சாலாவில் செயல்படத் தொடங்கியது. துர்நாற்றம் வீசுவதாகவும், குப்பையிலிருந்து வடியும் கழிவுநீர் நீரோடைகளை மாசுபடுத்துவதாகவும் அப்பகுதி மக்கள் பல ஆண்டுகள் போராடினர். 2011 டிசம்பரில் ஊராட்சி நிர்வாகம் ஆலைக்குப் பூட்டுப் போட்டது.

தலைநகரின் தெருக்களில் குப்பை தேங்கியது. விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. காவல்துறைப் பாதுகாப்புடன் குப்பை லாரிகளை ஆலைக்குள் கொண்டுசெல்லும் முயற்சி 2012 பிப்ரவரியில் நடந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட ஆயிரக்கணக்கானோர் சாலையில் திரண்டு தடுத்ததால் லாரிகள் திரும்பின. அதே ஆண்டு அக்டோபரில் கழிவுநீர் சுத்திகரிப்புக் கருவிகள் இரவோடு இரவாகக் கொண்டுவரப்பட்டபோது போராட்டம் மீண்டும் வெடித்தது. ஆலை அதன்பின் இயங்கவில்லை. வீட்டிலேயே மட்கச் செய்யும் குழாய் உரமாக்கல், எரிவாயுக் கலன், வார்டு அளவிலான காற்றோட்ட உரத்தொட்டிகள் எனப் பரவலாக்கப்பட்ட முறைக்கு மாநகராட்சி மாற வேண்டியதாயிற்று.

இந்தப் பிரச்சினையில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் யார் வாக்களித்திருக்க வேண்டும்? குப்பையை உருவாக்கிய மாநகர வாக்காளர்களின் எண்ணிக்கை, அதைச் சுமந்த ஊராட்சி வாக்காளர்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பெரிது. இருவரையும் சேர்த்து எண்ணினால் விளப்பில் மக்களின் மறுப்பு மூழ்கிவிடும். விளப்பில் மக்களை மட்டும் கேட்டால், எந்த ஊரும் குப்பையை ஏற்காது என்ற நிலை உருவாகும். வாக்குச்சீட்டில் கேள்வியை எழுதுவதற்கு முன், அந்தக் கேள்வி யாருடையது என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ராஜஸ்தான், மகாராஷ்டிரம் காட்டும் முன்மாதிரி

இந்தியாவில் மனு கொடுத்து உள்ளூர் வாக்கெடுப்பைப் பெறும் முறை முற்றிலும் இல்லாத ஒன்றல்ல. ஒரே ஒரு துறையில், அதுவும் சில மாநிலங்களில் அது சட்டமாகவே இருக்கிறது. அந்தத் துறை மதுவிலக்கு.

ராஜஸ்தானில் 1975ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓர் ஊராட்சியின் வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் மதுக்கடையை மூடக் கோரினால், அதிகாரிகள் கையொப்பங்களைச் சரிபார்த்து வாக்கெடுப்பு நடத்த வேண்டும். மொத்த வாக்காளர்களில் 51 சதவீதம் பேர் மூடுவதற்கு ஆதரவாக வாக்களித்தால் கடை மூடப்படும். 2016 மார்ச் 29 அன்று ராஜ்சமந்த் மாவட்டத்தின் கச்சபலி ஊராட்சியில் இப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பெண்கள் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக, 2,886 வாக்காளர்களில் 1,937 பேர் கடையை மூட வாக்களித்தனர். வந்து வாக்களித்தவர்களில் அல்ல, பட்டியலில் உள்ள அனைவரிலும் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு அது.

மகாராஷ்டிரத்தில் 2008ஆம் ஆண்டு ஆணையின்படி, வார்டு அல்லது கிராமத்தின் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மனு அளித்தால், பெண்களிடையே ரகசிய வாக்கெடுப்பு நடத்தப்படும். அதன் வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பாட்டிலுக்கு வாக்களித்தால் கடை தொடர வேண்டும் என்று பொருள். படுத்திருக்கும் பாட்டிலுக்கு வாக்களித்தால் கடையை மூட வேண்டும் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் குழப்பமின்றி வாக்களிக்க இந்தச் சின்னங்கள் உதவின. மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் படுத்த பாட்டிலைத் தேர்ந்தெடுத்தால் உரிமம் முடிவுக்கு வரும்.

கேரளத்தில் இத்துறையில் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மதுக்கடை திறக்க உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல் தேவை என்றிருந்த ஏற்பாட்டை 2017ஆம் ஆண்டு மாநில அரசு அவசரச் சட்டத்தின் மூலம் நீக்கியது. ஊராட்சிக்கே அதிகாரம் இல்லாத ஒரு பொருளில் கிராம சபை தீர்மானம் நிறைவேற்றினால், அதைச் செயல்படுத்தும் இடம் மாநில அரசாகிவிடுகிறது. எனவே சிறப்புக் கூட்டம் கோருபவர்கள், தாங்கள் எழுப்பும் பொருள் ஊராட்சியின் அதிகார வரம்புக்குள் வருகிறதா என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

மக்கள் தீர்ப்பு: இந்திய வரலாற்றில்

பெரிய அளவில் மக்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்கப்பட்ட தருணங்களும் உண்டு. 1967 ஜனவரி 16 அன்று கோவாவில் நடந்த கருத்துக் கணிப்பு வாக்கெடுப்பில், மகாராஷ்டிரத்துடன் இணைவதா, ஒன்றியப் பிரதேசமாகத் தொடர்வதா என்று வாக்காளர்கள் கேட்கப்பட்டனர். இணைப்புக்கு ஆதரவாக 1,38,170 வாக்குகளும், தனித்துத் தொடர 1,72,191 வாக்குகளும் கிடைத்தன. 34,021 வாக்குகள் கோவாவின் இன்றைய வரைபடத்தைத் தீர்மானித்தன.

தமிழ் மண்ணில் 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் நடந்த வாக்கெடுப்பு வேறு வகையானது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பகுதிகள் இந்தியாவுடன் இணைவது குறித்து அன்று வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். தேர்வு செய்யப்பட்ட 178 பிரதிநிதிகள். அவர்களில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். இந்த இரண்டு நிகழ்வுகளிலும் கேள்வியை முன்வைத்தவை அரசுகளே. மக்கள் கையொப்பமிட்டுக் கேள்வியைக் கொண்டுவரவில்லை.

கிராம சபையின் குரல் இறுதிச் சொல்லாக அமைந்த நிகழ்வு ஒடிசாவில் உள்ளது. நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது குறித்து, வன உரிமைச் சட்டம் 2006இன் அடிப்படையில் கிராம சபைகளின் முடிவைக் கேட்குமாறு உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. மத்திய அரசும் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. அங்கு சபைக்கு வலிமை தந்தது தனிச் சட்டமும் நீதிமன்ற உத்தரவும் ஆகும். வழக்கமான ஊராட்சிக் கிராம சபைக்கு அந்த வலிமை கிடையாது.

வாக்கெடுப்பு வந்தால் நன்மையா?

கேரளத்தில் சிறப்புக் கூட்டத்துக்கு அப்பால் சென்று, கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு முறையைக் கொண்டுவர வேண்டுமானால் மாநில சட்டமன்றம் ஊராட்சி, நகராட்சிச் சட்டங்களைத் திருத்த வேண்டும். அத்தகைய திருத்தத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் வலுவான வாதங்கள் உள்ளன.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வேட்பாளரைத் தேர்வு செய்யும் வாக்காளர், அந்த வேட்பாளரின் ஒவ்வொரு முடிவையும் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்பது ஆதரவு வாதம். கேரள உள்ளாட்சித் தேர்தலில் 'யாருக்கும் வாக்கில்லை' எனப்படும் நோட்டா வாய்ப்பும் வழங்கப்படுவதில்லை. கூட்டத்தில் அண்டை வீட்டாரின் முன் கருத்தைக் கூறத் தயங்குபவர், ரகசிய வாக்கெடுப்பில் தயக்கமின்றித் தீர்ப்பளிக்கலாம் என்பது மற்றொரு வாதம். பெண்களுக்கும் ஊரில் எண்ணிக்கையில் சிறிய சமூகத்தினருக்கும் இது பொருந்தும்.

எதிர்வாதமும் புறக்கணிக்கத் தக்கதல்ல. ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளில் அடங்காத பிரச்சினைகள் பல. சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மை வாக்குகளால் பறிக்கும் கேள்வியும் வாக்குச்சீட்டுக்கு வரக்கூடும். பணபலம் உள்ளவர்கள் கையொப்பம் திரட்ட ஆள்களை அமர்த்துவது கலிபோர்னியாவில் வழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் இருதரப்பும் பேசி நடுவழியைக் காண இடமுண்டு. வாக்குப்பெட்டியில் அதற்கு இடமில்லை.

ராஜஸ்தான், மகாராஷ்டிர விதிகள் இந்த அச்சங்களுக்கு ஓரளவு விடை தருகின்றன. அவை கேள்வியை ஒரே பொருளுக்குள் நிறுத்தின. யார் வாக்களிக்கலாம் என்பதை ஊர் எல்லையைக் கொண்டு வரையறுத்தன. வந்தவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்று உயர்ந்த வரம்பை வைத்தன. உள்ளூர் வாக்கெடுப்பைப் பற்றி எதிர்காலத்தில் எந்த மாநிலம் சிந்தித்தாலும் இந்த மூன்றையும் முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

தற்போது கையில் உள்ள உரிமை

இன்றைய நிலையில் கேரளக் கிராம வாக்காளருக்குச் சட்டம் தந்திருப்பது விவாதப் பொருளைத் தாமே தீர்மானிக்கும் உரிமை. ஒரு வார்டில் 10 சதவீதம் பேர் ஒன்று சேர்ந்தால், ஊராட்சி பேச விரும்பாத பொருளையும் 15 நாள்களுக்குள் பொதுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, தலைவர் முன்னிலையில் விவாதித்து, தீர்மானமாகப் பதிவு செய்ய முடியும். அத்தீர்மானம் ஏற்கப்படாவிட்டால் அதற்கான காரணத்தைக் கேட்டுப் பெற முடியும்.

விளப்பில்சாலாவில் பிரச்சினை சாலைமறியலாகவும் நீதிமன்ற வழக்காகவும் வளர ஒரு பத்தாண்டு பிடித்தது. சிறப்புக் கூட்டம் அத்தகைய பிரச்சினைகளைத் தனியே தீர்த்துவிடாது. எனினும் முதல் துர்நாற்றம் எழும்போதே, முதல் கிணறு கெடும்போதே அதிகாரப்பூர்வமான பதிவேட்டில் மக்களின் கருத்தை ஏற்றி வைக்கும் வழியாக அது பயன்படும். 2025 டிசம்பரில் தேர்வு செய்யப்பட்ட வார்டு உறுப்பினர்கள் தற்போது பொறுப்பில் உள்ளனர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தங்கள் சபையைக் கூட்டுவதும், 10 சதவீத வாக்காளர்கள் கேட்டால் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டுவதும் அவர்களுடைய சட்டப்பூர்வக் கடமைகள் என்பது குறிப்பிடத்தக்கது.